கன்சோல், மதிப்பெண், சினிமா: தண்டையார்பேட்டை கேமர் ஒருவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் கன்சோல், அதாவது டிவியில் இணைத்து விளையாடும் பெட்டி, இருக்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், யார் வீட்டுப் பையன் அடம்பிடித்தாலும் அவனுடைய அப்பா முதலில் என்னிடம்தான் வந்து நிற்கிறார். கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. மாடிப்படியில் நின்றபடி நான் சொல்லும் பதில்கள்தான் ஒவ்வொரு முறையும் பாதியில் அறுந்துபோகின்றன. ஆகவே நிதானமாக எழுதி வைக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக விளையாடிவரும் ஒருவனுடைய சொந்தக் கருத்துகள் இவை. எந்தக் கடைக்காரரும் எனக்கு எதையும் இலவசமாகக் கொடுத்ததில்லை.

செல்போனிலேயே விளையாடலாமே, கன்சோல் எதற்கு?

உங்கள் பையனுக்குச் செல்போன் விளையாட்டே போதும் என்றால், தயவுசெய்து கன்சோல் வாங்காதீர்கள். ஆனால் இரண்டும் ஒரே பண்டம் என்று எண்ண வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் செல்போன் விளையாட்டு முடியவே கூடாது என்ற கணக்கில் செய்யப்பட்டது. நாள்தோறும் கூப்பிடும், உள்ளே வரும் பாத்திரத்துக்குச் சட்டை மாற்றக் காசு கேட்கும். கன்சோலில் நான் விரும்பி விளையாடுபவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. ஒருமுறை காசு கொடுத்தால் கதை முடியும்வரை அது உங்களுடையது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டு, அக்டோபர் இறுதியில் அதன் சர்வரும் நின்றபோது, எங்கள் தெருப் பையன்கள் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அதே நாளில் என் வீட்டில் 2005-ஆம் ஆண்டு டிஸ்க் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. இன்றும் சுழல்கிறது.

சரி, எந்தக் கன்சோலை வாங்குவது?

உங்கள் நண்பர்களிடம் எது இருக்கிறதோ அது. இதைக் கேட்டுச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் டிஸ்கை மாற்றிக்கொள்ளவும், ஜாய்ஸ்டிக் கடன் வாங்கவும், ஒன்றாக ஆன்லைனில் ஆடவும் ஆள் இல்லாத கன்சோல், கேரம் போர்டை வாங்கி வைத்துக்கொண்டு தனியாகக் காய் அடிப்பதற்குச் சமம். வடசென்னையில் இதை விளக்கத் தேவையில்லை.

நண்பர்கள் யாரிடமும் எதுவும் இல்லை என்றால் கையிருப்பைப் பாருங்கள். 2020 நவம்பர் 10 அன்று மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோல் இரண்டு மாடல்களாக இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது சீரீஸ் எக்ஸ் 49,990 ரூபாய், சீரீஸ் எஸ் 34,990 ரூபாய். சோனியின் பிளேஸ்டேஷன் 5 இங்கே 2021 பிப்ரவரி 2 அன்றுதான் வந்தது. டிஸ்க் போடும் மாடல் 49,990 ரூபாய்க்கு வந்து, அடுத்த ஆண்டே 54,990 ஆனது. நாளாக ஆக விலை குறையும் என்று காத்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு இது நல்ல பாடம். முன்பெல்லாம் கன்சோல் வயதாக ஆக மலிவாகும், இந்தத் தலைமுறையில் அந்த வழக்கம் உடைந்துவிட்டது. சீரீஸ் எஸ் மலிவு என்று பாய்ந்து வாங்குபவர்கள், அதில் டிஸ்க் போடும் வாயே கிடையாது என்பதைப் பெட்டியைப் பிரித்த பிறகு தெரிந்துகொள்கிறார்கள்.

நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல் 2017 மார்ச்சில் உலகச் சந்தைக்கு வந்தது. இந்தியாவில் அந்த நிறுவனம் அதை நேரடியாக விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ கிடைப்பவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. எந்த நாட்டு விளையாட்டையும் அது ஏற்றுக்கொள்ளும் என்பதால் விளையாடுவதில் சிக்கல் இல்லை. பழுதானால்தான் தெரியும், வாரன்டி என்று கேட்க எந்தக் கதவும் இல்லை என்பது.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

வாங்கலாம், நான் இதுவரை வாங்கிய நான்கில் மூன்று அப்படி வந்தவைதான். ஆனால் கடைக்காரர் ஆன் செய்து காட்டும் இரண்டு நிமிடத்தை நம்பாதீர்கள். நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிளேஸ்டேஷன் 4 வாங்கினேன். கடையில் மெனு அழகாக வந்தது, ஜாய்ஸ்டிக் வேலை செய்தது, பேரம் பேசி ஆயிரம் ரூபாய் குறைத்துவிட்ட பெருமிதத்தில் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் இருபது நிமிடம் ஆடியதும் விசிறியின் சத்தம் கிரைண்டர் சத்தத்தைத் தாண்டியது, பிறகு தானாக அணைந்தது. திறந்து பார்க்கலாம் என்று பின்பக்கத் திருகுகளைத் தேடினால், அவற்றை மூடியிருக்க வேண்டிய ஒட்டுத்தாள்கள் ஏற்கெனவே பிய்க்கப்பட்டிருந்தன. உள்ளே மின்சாரப் பகுதியின் மேல் கரப்பான் பூச்சியின் முட்டைக் கூடுகள் புளியங்கொட்டைபோல் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. இது என் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த அவமானம் அல்ல. எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் அந்த இயந்திரம் கரப்பானுக்குச் சொர்க்கம் என்பது உலகெங்கும் பழுதுபார்ப்பவர்கள் அறிந்த செய்தி. மறுநாள் கடைக்காரரிடம் போனேன். “உங்க வீட்டுக் கரப்பான் தம்பி” என்றார்.

அன்றிலிருந்து கடையிலேயே குறைந்தது முக்கால் மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓடவிட்டுப் பார்க்கிறேன். டிஸ்கை நான்கைந்து முறை போட்டு எடுக்கிறேன். ஆன்லைனில் இணைத்து, அந்த இயந்திரம் தடை செய்யப்பட்டதா என்று பார்க்கிறேன். டிவி கேபிளைச் சொருகும் எச்டிஎம்ஐ துளையில் டார்ச் அடித்து உள்ளே பல் வளைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பழைய உரிமையாளரின் கணக்கை என் கண்ணெதிரிலேயே நீக்கச் சொல்கிறேன். இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் கடையில் வாங்குவதில்லை.

ஜாய்ஸ்டிக்கை மேசைமேல் வைத்துவிட்டு, கை படாமல் திரையைக் கவனியுங்கள். பாத்திரம் தானாக நடந்தால் அது டிரிஃப்ட். பெரும்பாலான ஜாய்ஸ்டிக்குகளில் குச்சியின் அடியில் ஒரு சிறு உலோகக் கை கரிப்பூச்சின் மேல் உரசியபடி நகரும். உரச உரசக் கரி தேயும், அளவு தவறும். காந்தத்தை வைத்து உரசாமல் அளக்கும் முறையும் உண்டு. 1998-இல் வந்த சேகா டிரீம்காஸ்டின் ஜாய்ஸ்டிக்கிலேயே அது இருந்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் பெரிய நிறுவனங்கள் ஏன் தேயும் கரியைக் கட்டிக்கொண்டு அழுகின்றன என்று கேட்டால், புது ஜாய்ஸ்டிக் ஒன்றின் விலையைப் பாருங்கள் என்பேன்.

கரண்ட் பில் ஏறுமா?

எங்கள் தெரு அம்மாக்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. பிளேஸ்டேஷன் 5 கனமான விளையாட்டில் ஏறத்தாழ 200 வாட் இழுக்கும். தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், அதில் கால்பங்கை இது தின்றுவிடும், ஏ.சி. ஓடும் வீட்டில் இது தெரியவே தெரியாது. சீரீஸ் எஸ் இதில் பாதிகூட இழுக்காது. மின்சாரம் போய்த் திடீரென்று திரும்புவதுதான் பில்லைவிடப் பெரிய ஆபத்து; விளையாட்டு சேமிக்கப்படும் நொடியில் போனால் பத்து மணி நேர உழைப்பு போய்விடும். சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கடற்காற்று?

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் குடியிருப்பவர்கள் கன்சோலை ஜன்னலோரம் வைக்காதீர்கள். கிரில் கம்பி துருப்பிடிப்பதைத்தான் பார்க்கிறீர்களே.

டிஸ்க் வாங்குவதா, டவுன்லோட் செய்வதா?

டிஸ்க்தான். பிளேஸ்டேஷன் 5-க்கான புதிய பெரிய விளையாட்டு 4,999 ரூபாய் என்றே இங்கே அறிமுகமானது. அந்த டிஸ்கை நான் முடித்துவிட்டு வியாசர்பாடி நண்பருக்குக் கொடுத்து, அவரிடமிருக்கும் வேறொன்றை வாங்கிக்கொள்கிறேன். ஐந்து பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஆயிரம் ரூபாய்தான் ஆகிறது. டவுன்லோட் செய்ததை யாருக்கும் கொடுக்க முடியாது, விற்கவும் முடியாது. போதாததற்கு, பல விளையாட்டுகள் இன்று 100 ஜிபியைத் தாண்டுகின்றன. நாளுக்கு 2 ஜிபி தரும் செல்போன் திட்டத்தை வைத்துக்கொண்டு இறக்கினால் ஐம்பது நாள் ஆகும். டிஸ்க் வாங்கினாலும் திருத்தங்களை இணையத்திலிருந்து இறக்கியே ஆக வேண்டும் என்ற குறை இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

விமர்சகர்கள் கொடுக்கும் மதிப்பெண்ணை நம்பலாமா?

விமர்சனத்தைப் படியுங்கள், மதிப்பெண்ணைத் தாண்டிவிடுங்கள். ஜப்பானில் ஃபாமிட்சு இதழ் நான்கு பேரை விளையாடச் செய்து, ஆளுக்குப் பத்து என்று நாற்பதுக்கு மதிப்பெண் போடுகிறது. 1998-இல் செல்டா வரிசையின் ஒகரினா ஆஃப் டைம் அதில் முதல்முறையாக நாற்பதுக்கு நாற்பது வாங்கியது. நான்கு பெயர், நான்கு எண், ஆளுக்குச் சில வரிகள் என்று தனித்தனியாகப் போடுவதில் நேர்மை இருக்கிறது. எவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்துவிடும். 2001-இல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் இணையதளம் உலகத்து விமர்சனங்களையெல்லாம் அரைத்து ஒரே எண்ணாக்கியது. பிறகு அந்த எண்ணே முதலாளி ஆனது. 2010-இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் விளையாட்டுக்கு அதில் நூற்றுக்கு 85 கிடைத்தால் உருவாக்கியவர்களுக்கு ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் இருந்ததாகவும், 84-இல் நின்றதால் அது கிடைக்கவில்லை என்றும் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரே பின்னர் சொன்னார். ஒரு மதிப்பெண்ணில் மருத்துவ சீட்டு போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தத் துக்கம் விளங்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல், எந்த இயந்திரத்தில் விளையாடிவிட்டு எழுதினார்கள் என்பது. 2020 டிசம்பர் 10 அன்று சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு வெளிவந்தது. அதற்கு முன்பே வந்த விமர்சனங்கள் எல்லாம் விலை உயர்ந்த கம்ப்யூட்டரில் ஆடி எழுதப்பட்டவை, ஏனெனில் விமர்சகர்களுக்கு அந்தப் பதிப்புதான் கொடுக்கப்பட்டிருந்தது. பாராட்டுகளைப் படித்துவிட்டு, என்னைப் போலவே சாதாரண பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்கள் முன்பதிவு செய்தார்கள். எங்களுக்குக் கிடைத்ததோ, முகம் வரைந்து முடிப்பதற்குள் ஆள் பேசத் தொடங்கிவிடும் ஒரு நகரம்; அடிக்கடி பிழைச் செய்தியோடு மூடிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. பிற்பாடு அதைச் சீர்செய்தார்கள் என்பதும், இன்று அது நல்ல விளையாட்டு என்பதும் உண்மை. ஆனாலும் அந்த விமர்சனங்களை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த படிப்பினை. அவர்கள் அவர்களுடைய வீட்டில் ஆடினார்கள், நான் என் வீட்டில் ஆடினேன்.

ஆகவே ஒரு விமர்சனத்தில் நான் தேடுவது மூன்று செய்திகளை. என்ன இயந்திரத்தில் ஆடினார், கதையை முடித்தாரா, டிவியிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்தால் எழுத்து படிக்க முடிகிறதா. மூன்றாவதை யாருமே எழுதுவதில்லை. 32 அங்குல டிவியைச் சுவரில் மாட்டி, கட்டிலில் சாய்ந்துகொண்டு ஆடும் என் வீட்டில் அதுதான் முதல் கேள்வி.

பொதுமக்கள் போடும் மதிப்பெண்?

2020 ஜூனில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் வெளிவந்த அன்றே ஆயிரக்கணக்கானோர் பூஜ்யம் போட்டார்கள். முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் விளையாட்டு அது. அடுத்த மாதமே மெட்டாகிரிட்டிக், வெளியான முதல் 36 மணி நேரத்துக்கு வாசகர் யாரும் மதிப்பெண் போட முடியாதபடி விதியை மாற்றியது. முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு வந்து மைக்கைப் பிடிப்பவராவது படத்தை முழுதாகப் பார்த்திருப்பார்.

யூடியூபில் யாரோ ஆடுவதைப் பார்த்தால் போதாதா?

கதை தெரிந்துவிடும். ஆட்டம் தெரியாது. கண்ணால் பார்க்கும்போது எளிதாகத் தோன்றும் சண்டையில் கை எவ்வளவு வேர்க்கும் என்பதை எந்த வீடியோவும் காட்டாது. வாங்கலாமா என்று முடிவு செய்ய மட்டும் பதினைந்து நிமிடம் பாருங்கள், அதுவும் பேச்சு இல்லாத வீடியோவாக இருந்தால் நல்லது.

விளையாட்டைச் சினிமாவாக எடுத்தால் ஏன் சொதப்புகிறது?

கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு எதையும் கொடுக்காததால். 1993-இல் வந்த முதல் ஹாலிவுட் மேரியோ படம் இதற்குக் கல்வெட்டு போன்ற சாட்சி: குதிப்பதைத் தவிர வேறு எந்தக் கதையும் தேவைப்படாத ஒரு குழாய்ப் பணியாளரை இருண்ட நகரம் ஒன்றில் நடக்கவிட்டார்கள், படம் படுத்தது. 2023-இல் அனிமேஷனாக வந்த மேரியோ படம் உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நல்ல படமா என்றால், எனக்கு அது நீளமான விளம்பரமாகத்தான் பட்டது. ஆனால் நிறமும் துள்ளலும் இசையும் நாங்கள் கேசட் போட்டு ஆடிய மேரியோவுடையவை. குறைந்தபட்சம் ஆளை மாற்றவில்லை. 2019-இல் சோனிக் படத்தின் டிரெய்லரில் அந்த நீல முள்ளெலிக்கு மனிதப் பல்லை வைத்து, ஊரே சிரித்ததும், வெளியீட்டை மூன்று மாதம் தள்ளிப்போட்டு உருவத்தை மறுபடி வரைந்தார்களே, அந்தப் பணிவு எல்லா இயக்குநருக்கும் வாய்ப்பதில்லை.

பதிலுக்கு ஏதாவது கொடுத்தால் வெல்லலாம் என்பதற்குச் சான்று தி லாஸ்ட் ஆஃப் அஸ். 2013-இல் வந்த விளையாட்டின் தொடக்கத்தில் நீங்கள் மகளாக இருப்பீர்கள். நள்ளிரவில் விழித்து, அப்பாவைத் தேடி இருட்டு வீட்டில் நீங்களே ஒவ்வோர் அறையாக நடப்பீர்கள். சற்று நேரத்தில், உங்களுக்குத் தெரிவிக்காமலேயே, நீங்கள் அப்பா ஆகிவிடுவீர்கள். அந்த மகள் உங்கள் கையில் கிடப்பாள், ஓட வேண்டும். அந்த இடமாற்றத்தைத் திரையில் செய்ய முடியாது. 2023-இல் அதைத் தழுவி வந்த தொலைக்காட்சித் தொடர் அந்த முயற்சியில் இறங்கித் தோற்கவில்லை, வேறொன்றைச் செய்தது. விளையாட்டில் ஒரு சடலமாகவும் ஒரு கடிதமாகவும் மட்டுமே வரும் ஒருவருக்கு ஏறத்தாழ முழு அத்தியாயத்தையே கொடுத்து, அவர் வாழ்ந்த ஆண்டுகளைக் காட்டியது. விளையாட்டால் சொல்ல முடியாததைத் தொடர் சொன்னது.

தமிழில் 2019-இல் வந்த கேம் ஓவர் எந்த விளையாட்டையும் தழுவியது அல்ல. டாப்சி அதில் விளையாட்டு வடிவமைப்பாளராக வருகிறார். செத்தால் மறுபடி எழுந்து, போன தடவை கற்றதை வைத்து ஆடும் பழக்கத்தையே அந்தப் படம் கதையாக்கிக்கொண்டது. என் கணக்கில் பல ஹாலிவுட் தழுவல்களைவிட விளையாட்டின் உள்ளுணர்வுக்கு அருகில் போனது அதுதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையும் உண்டு.

படத்தை விளையாட்டாக்கினால்?

நேரம் கொடுத்தால் வரும். ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. படத்துக்கு 1982 கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க ஏறத்தாழ ஐந்தே வாரத்தில் அட்டாரி கன்சோலுக்காக ஒரு விளையாட்டைச் செய்தார்கள். விற்காத பெட்டிகள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துக் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டு, 2014-இல் தோண்டி எடுக்கப்பட்டன. கோல்டன்ஐ என்ற ஜேம்ஸ் பாண்ட் படம் வந்தது 1995-இல். அதன் விளையாட்டு 1997-இல்தான் வந்தது, இன்றுவரை கொண்டாடப்படுகிறது. படத்தின் விளம்பரச் செலவில் சேர்த்துச் செய்யப்படும் விளையாட்டை நான் தொடுவதில்லை.

சின்னப் பையனுக்கு எதை வாங்கித் தருவது?

டிஸ்க் உறையின் மூலையில் வயது அச்சிட்டிருக்கும். 18 என்று போட்ட ஜிடிஏ-வைப் பத்து வயதுப் பையனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, அவன் கெட்ட வார்த்தை பேசுகிறான் என்று என்னிடம் வராதீர்கள், அண்ணா.

பழைய கேம் கடைகள் இப்போதும் இருக்கின்றனவா?

நான் ஆடி வளர்ந்த கடை இல்லை. அந்த இடத்தில் இப்போது வாட்டர் கேன் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஐந்து பிளேஸ்டேஷன் 2, ஐந்து கொழுத்த டிவி, ஒரு டேபிள் ஃபேன். மணிக்குப் பத்து ரூபாய். ஆட்டத்தைச் சேமிக்கும் 8 எம்பி மெமரி கார்டுகளை மேரி பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றின்மேலும் பிளாஸ்டர் ஒட்டி, பேனாவால் பெயர் எழுதி வைத்திருப்பார் கடை அண்ணன். ஒரு முழு ஆண்டு லீவில் நான் சேர்த்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் ஆட்டத்தை, என் பெயரே கொண்ட வேறொரு பையன் தன்னுடையது என்று நினைத்து அதன்மேல் சேமித்துவிட்டான். மறுநாளிலிருந்து பிளாஸ்டரில் அப்பா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

தமிழர் வாழ்க்கையைச் சொல்லும் விளையாட்டு ஏதாவது உண்டா?

வெண்பா என்ற சிறிய விளையாட்டு 2023 ஜூலை இறுதியில் வந்தது. செய்தது கனடாவில் இருக்கும் விசை கேம்ஸ். 1980-களின் இறுதியில் அங்கே குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதி, அவர்களுக்குப் பிறக்கும் மகன், கறைபடிந்து கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம்; விட்டுப்போன வரிகளை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாக அது தேர்வானது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை, விலைதான் சற்று அதிகம்.

அதை ஆடிய அன்று மாலை அம்மா பின்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என் கன்சோலை அவர் இத்தனை ஆண்டுகளில் துடைத்திருக்கிறாரே தவிரத் திரையைக் கவனித்ததில்லை. முதல் பலகாரம் இட்லி. எண்ணெய், மாவு, தட்டு, தண்ணீர் என்று எதற்குப் பின் எது என்பதில் நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, “தட்ட மாத்தி அடுக்குடா, குழி மேல குழி வந்தா இட்லி அமுங்கிடும்” என்று குரல் வந்தது. பிறகு பூண்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த ஜாய்ஸ்டிக்கை இப்படிக் கொடு என்றார். எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லிக் கொடுத்தேன். ஆவி வந்தது, இட்லி வந்தது. அடுத்த பலகாரத்தைத் தொடங்குவதற்குள் ஏழரை மணி ஆகிவிட்டதால் சேனலை மாற்றச் சொல்லிவிட்டார்.